கப்பல் சத்திரத்துக் கடற்சண்டை

திருவண்ணாமலையில் கடல் கிடையாது. அலை பார்க்க வேண்டுமென்றால் பாண்டிச்சேரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், ஒரு பழைய சத்திரத்துக்குள் மூன்று சுவர் நீளத்துக்குக் கப்பல்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. பீரங்கிப் புகை, முறிந்த பாய்மரம், தண்ணீரில் தத்தளிக்கும் ஆட்கள், வாயைப் பிளந்த மீன்கள். அந்த இடத்துக்கே கப்பல் சத்திரம் என்றுதான் பெயர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், "உள்ள கப்பல் இருக்குது, அதான்" என்பார்கள். உள்ளே ஏன் கப்பல் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

சுவரோவியங்களைப் பதிவு செய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அளப்பது, படம் எடுப்பது, வண்ணங்களைக் குறிப்பது எல்லாம் உங்களுக்கு ஏற்கனவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். அதே வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகும், அந்தச் சத்திரத்தில் ஒரு பௌர்ணமி மதியம் நடந்ததை நினைத்தால் என்னால் உட்கார முடிவதில்லை, எழுந்து நடக்கத் தோன்றுகிறது. நடக்கத் தோன்றுவது சரிதான் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் மற்றது விளங்காது. சத்திரத்தின் நடுக்கூடத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் சந்நிதி, கிழக்குப் பார்த்து. சந்நிதியின் வெளிச்சுவரில் தெற்கு, மேற்கு, வடக்கு என மூன்று பக்கமும் சுற்றி ஓடும் ஓவியம்தான் நான் சொல்வது. சத்திரத்தின் தலைவாசலும் கிழக்கே, கிரிவலச் சாலையைப் பார்த்து இருக்கிறது. ஆனால் அதை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு ஒரு டீக்கடை வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கதவைத் திறந்தால் பால் அடுப்பின் மேல்தான் இடிக்கும். அதனால் எல்லாரும் வடக்குப் பக்கத்துச் சந்து வழியாக வருவார்கள். நானும் அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தேன்.

சந்துக் கதவு வழியாக நுழைந்ததும் கண்ணில் படுவது வடக்குச் சுவரின் முனை. அங்கே கறுப்பாக, முக்கோணமாக ஒன்று, அதன் உச்சியில் தீ. எரியும் கப்பல் என்பார்கள். அதன் அருகே தலை மழித்த ஒருவன், இரு கைகளையும் முன்னால் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிறான். அங்கிருந்து இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போனால், பலகையைப் பிடித்து மிதக்கும் ஒருவன். பின்பக்கம் திரும்பினால் மேற்குச் சுவர் முழுக்கச் சண்டை. அதையும் கடந்து தெற்குச் சுவருக்குப் போனால் அமைதியான துறைமுகம், கரையில் கூட்டம், சிவப்புத் தலைப்பாகை கட்டிய ஒருவர், அவர் எதிரே தட்டு ஏந்திய பெண். பொட்டலங்களைச் சுமந்த ஆட்கள். சுமக்கிறவர்களின் கால்கள் ஈரத்தில் உதிர்ந்துபோய்விட்டதால் அவர்கள் கப்பலை நோக்கிப் போகிறார்களா, கப்பலிலிருந்து வருகிறார்களா என்பது தெரியாது.

இதைப் பார்க்கிற எவருக்கும் கதை உடனே கிடைத்துவிடும். எதிரியின் கப்பலை எரித்தார்கள், ஆளைப் பிடித்து மொட்டை அடித்துக் கையைக் கட்டினார்கள், பெரிய சண்டை நடந்தது, ஜெயித்து ஊர் திரும்பினார்கள், ஆரத்தி எடுத்தார்கள்.

யார் ஜெயித்தது என்பதில்தான் பிரச்சினை.

கீழ்பென்னாத்தூரில் ரைஸ் மில் வைத்திருந்த தனசேகர் அண்ணனுக்கு அதில் சந்தேகமே இல்லை. "சோழர் கடற்படை மேடம். கப்பல் மூக்குல பாருங்க, புலி." கப்பலின் முன்முனையில் வாயைத் திறந்த ஒரு மிருகத்தின் தலை இருந்தது உண்மை.

"பீரங்கி இருக்கே அண்ணே. சோழர் காலத்துல பீரங்கி ஏது?"

"அது படம் போட்டவன் சேத்தது. இப்ப கேலண்டர்ல முருகருக்கு வாட்ச் கட்டி விடறானுங்க இல்ல?"

கோபுரப் பொம்மைகளுக்கு வண்ணம் அடிக்கும் முருகையன் பக்கத்தில் நின்றிருந்தார். அவரைத் தனசேகர்தான் கூட்டி வந்திருந்தார். முருகையன் அந்த மிருகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கு என்னமோ நாய் மாதிரி தெரியுது" என்றார்.

"நீ பெயின்ட் அடிச்ச பிறகு புலி மாதிரி தெரியும். அதுக்குத்தான உன்ன கூட்டியாந்தது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அது பேச்சோடு போகிற விஷயமாக இல்லை. சத்திரத்தின் மேல்தளம் ஒழுகிக்கொண்டிருந்தது. மழைக்காலம் நெருங்கிவிட்டது. தெற்குச் சுவரில் ஏற்கனவே ஈரம் முழங்கால் உயரத்துக்கு ஏறி வண்ணத்தைச் செதில் செதிலாகத் தின்றுகொண்டிருந்தது. இன்னொரு நல்ல புயல் அடித்தால் மூன்று சுவரும் போய்விடும். தளத்தைச் சரிசெய்யத் தனசேகர் ஒத்துக்கொண்டிருந்தார். கூடவே சுவரையும் "புதுசாக்கி"த் தருவார். மங்கிய இடமெல்லாம் எனாமல் பெயின்ட், கொடிகளில் புலி, ஒவ்வொரு கப்பலுக்கும் கீழே ஒரு பெயர். திறப்பு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் கூட அடித்துவிட்டார். அதில் புலிக்கொடியோடு கப்பல், பக்கத்தில் கைகூப்பியபடி அவர். மழையில் போகட்டுமா, பெயின்டில் போகட்டுமா என்பதுதான் அந்தச் சுவரின் நிலைமை.

சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வசந்தா. பரம்பரை டிரஸ்டி. பகலில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கிளார்க், சாயங்காலம் சத்திரம். பெயின்ட் அடிப்பதில் அவருக்கும் விருப்பமில்லை. ஆனால் ஒவ்வொரு மழையிலும் உள்ளே அண்டா வைத்துத் தண்ணீர் பிடித்தவர் அவர்தான்.

"மேடம், நான் உங்கள பொய் எழுதச் சொல்லல. 'சோழர் கடற்படையாக இருக்கலாம்'னு எழுதிக் குடுங்க. 'இருக்கலாம்'னு போட்டா பொய் இல்லையே."

"அந்தப் பேப்பர காட்டித்தான் அவர் புலி வரைவார், வசந்தா."

"வரையலைன்னா தளம் போட மாட்டாரு. மழை வந்து கழுவிட்டா அப்புறம் நீங்களும் நானும் வெள்ளச் சுவத்த பாத்துக்கிட்டு, நாம பொய் சொல்லலைனு சந்தோசமா இருக்கலாமா?"

இந்த வேலையில் உங்களை அதிகமாகச் சோதிக்கப்போகிறவர்கள் மோசமானவர்கள் இல்லை. இப்படி நியாயமாகப் பேசுகிற, சுவர்மேல் உங்களைவிட அக்கறை உள்ளவர்கள்தான். நமக்கே பாதி சந்தேகம் இருக்கும் இடத்தில் 'இருக்கலாம்' என்று எழுதுங்கள். அது நேர்மை. அடுத்தவர் கேட்டார் என்பதற்காக எழுதினால், எழுதியவர் நாம், வரைகிறவர் வேறொருவர், அழிவது சுவர்.

எனக்கும் அந்தச் சுவர் முழுக்கப் புரிந்திருக்கவில்லை. சோழர் இல்லை என்று தெரியும். பீரங்கி நீட்டும் துவாரங்களும், தொப்பி வைத்த ஆட்களும், சதுரப் பாய்களும் இருந்தன. வெள்ளைக்காரக் கப்பல்கள் நம் கரைக்கு வந்து தமக்குள் மோதிக்கொண்ட காலம். கொடிகளின் நிறம் போய்விட்டதால் எந்தச் சண்டை என்று சொல்ல வழியில்லை. என் குறிப்பின் வரைவில் 'கடற்போரும் வெற்றி ஊர்வலமும்' என்று எழுதி வைத்திருந்தேன். யாருடைய வெற்றியை, யார், எதற்காக மலையடிவாரத்துப் பிள்ளையாரைச் சுற்றி வரைந்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் ஒரு வரி கிடையாது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பௌர்ணமி அன்று பூஜை போட்டு வேலையை ஆரம்பிப்பது என்று தனசேகர் முடிவு செய்தார். நான் மதியம் விளக்கத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அன்று பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் நடந்தே போனேன். என் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில் உண்மையாகத் தெரிந்தது, அது மிகச் சின்னது. இன்னொன்று வெறும் தாள், வசந்தா கேட்ட 'இருக்கலாம்' எழுத வேண்டி வந்தால்.

சந்தில் நுழைய முடியவில்லை. பாதையில் விடாத பைக்குகளை எல்லாம் சுவரோடு சுவராக அங்கே நிறுத்தியிருந்தார்கள். என்ன செய்வது என்று பார்த்தபோது டீக்கடைக் கொட்டகை பிரிக்கப்பட்டிருந்தது. பூஜைக்குத் தலைவாசல் வழியாகத்தான் ஆட்கள் வரவேண்டும் என்று தனசேகர் கடைக்காரரோடு பேசி, அன்று ஒரு நாளைக்குக் கடையைச் சாலையோரம் தள்ளிப்போடச் செய்திருக்கிறார். நான் திறந்து பார்த்தேயிராத அந்தப் பெரிய கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். எதிரே பிள்ளையார். கை தானாகக் குவிந்தது. வலம் வரக் கால் தானாகத் திரும்பியது, சந்நிதி வலக்கைப் பக்கம் வருகிற மாதிரி. நம் ஊரில் யாரும் யோசித்துச் செய்வதில்லை அதை. எப்போதும் தெற்குப் பக்கத்தின் இந்த முனையில் அன்னதான அண்டாக்களை அடுக்கி வழியை அடைத்து வைத்திருப்பார்கள். அன்று அண்டாக்கள் எல்லாம் அடுப்பில் இருந்தன. வழி காலியாக இருந்தது.

முதலில் வந்தது துறைமுகம். சிவப்புத் தலைப்பாகைக்காரர் நிற்கிறார். எதிரே தட்டோடு பெண். பொட்டு வைக்கிறாள். நான் நடந்துகொண்டே இருந்தேன். கப்பலின் பாய் பாதி உயர்ந்திருக்கிறது. மேற்குச் சுவருக்குத் திரும்பினேன். புகை. அதே கப்பல்தான், அதே மிருகத் தலை. பொட்டலங்களுக்கு நடுவே ஒருவர் குனிந்து பதுங்கியிருக்கிறார், தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்குகிறது. அடுத்த கப்பல், பாய்மரம் முறிந்தது. அதற்கும் அதே மிருகத் தலை. என் நடை வேகமாகிவிட்டது. ஒரு பெரும் படை என்று நான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் சண்டையில் மாட்டிக்கொண்டது ஒரே ஒரு கப்பல். ஓவியர் அதைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார், நடந்து பார்க்கிறவருக்காக.

வடக்குச் சுவருக்குத் திரும்பும்போது ஏறக்குறைய ஓடினேன். பலகையைப் பிடித்து மிதக்கிறவர். தலைப்பாகை இல்லை, முடி தண்ணீரில் விரிந்து கிடக்கிறது. இடுப்பில் பச்சைக் கரை வேட்டி. துறைமுகத்தில் நின்றவரும் பச்சைக் கரை வேட்டி. பொட்டலங்களுக்கு நடுவே பதுங்கியவரும் அதேதான். நான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறித்து, ஓவியரிடம் பச்சை வண்ணம் நிறைய இருந்திருக்கும்போல என்று நினைத்திருந்தேன். கடைசி முனைக்கு வந்தேன். மொட்டைத் தலை, பச்சைக் கரை. கைகளைக் கட்டவில்லை. கயிறே இல்லை. கும்பிடுகிறார்.

எதைக் கும்பிடுகிறார்? அந்தக் கறுப்பு முக்கோணத்தை. அதன் உச்சியில் தீ. அடியில் ஒரு அலைகூட இல்லை. கப்பல் என்றால் அலை எங்கே?

நான் வலத்தை முடித்துக்கொண்டு தலைவாசல் பக்கம் திரும்பினேன். திறந்த கதவுக்கு வெளியே, சாலைக்கு அப்பால், மேற்கு வெயில் முழுதாக விழுந்து மலை நின்றது. அடி அண்ணாமலைப் பக்கத்திலிருந்து தெரிகிற மலை. இடது தோளில் ஒரு சரிவு, நடுவில் ஒரு பள்ளம். திரும்பிச் சுவரைப் பார்த்தேன். அதே சரிவு, அதே பள்ளம். எரியும் கப்பல் என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தது தீபம் ஏற்றிய மலை.

"வசந்தா," என்று கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன். கையில் கரண்டியோடு ஓடி வந்தார். "என்னாச்சு மேடம், பாம்பா?"

"பேசாதீங்க. வலம் வாங்க. அந்தப் பச்சைக் கரை வேட்டிய மட்டும் பாத்துக்கிட்டே வாங்க."

வந்தார். பலகைக்காரரிடம் கொஞ்சம் நின்றார். கடைசி முனையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "வேண்டுதலா மேடம் இது?" என்றார். "அந்த ஆளு பொழச்சு வந்து கட்டினதா எங்க சத்திரம்?"

"கட்டினது அவர்தான்னு சொல்ல முடியாது. வேண்டுதல்னு சொல்லலாம். தைரியமா சொல்லலாம்."

உங்களுக்கு நான் சொல்ல வந்த ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். சுவருக்கு எதிரே நின்று பார்த்தே பழகிவிட்டோம். எழுத்தைப் படிக்கிற மாதிரி இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். வலம் வருகிறவருக்கோ சுவர் வலமிருந்து இடமாக ஓடும். அந்தச் சுவரை வரைந்தவர் நிற்கிறவருக்காக வரையவில்லை, வலம் வருகிறவருக்காக வரைந்தார். ஓவியம் எந்தக் கதையைச் சொல்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அதன் முன்னே மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

தனசேகர் வந்து சேர்ந்தார். பின்னால் முருகையன், கைகளில் பூஜைக்குப் பூமாலை சுற்றிய இரண்டு பெயின்ட் டின்கள், தோளில் ஃப்ளெக்ஸ் சுருள். "எழுதிட்டீங்களா மேடம்?"

"முதல்ல ஒரு சுத்து வாங்கண்ணே."

"நான் காலைலயே மலைய சுத்திட்டு வந்துட்டேன்."

"இது சின்ன சுத்து. வாங்க."

அவரையும் பச்சைக் கரையைப் பார்த்துக்கொண்டே வரச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். முதல் சுவரில் சும்மா நடந்தார். இரண்டாவது சுவரில் நடை குறைந்தது. பலகைக்காரரிடம் வந்ததும், "இது எதிரின்னு இல்ல நெனச்சேன்" என்று தனக்குத்தானே சொன்னார். கடைசியில் மலையைப் பார்த்தார், கதவுக்கு வெளியே இருந்த மலையைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"அப்ப புலி போச்சா?"

"புலி எப்பவும் இல்லண்ணே."

"எந்த ராஜா?"

"ராஜாவே இல்ல. யாவாரம் பண்ண கப்பல் ஏறினவர் மாதிரி இருக்கார். யாரோ ரெண்டு பேர் சண்டைல நடுவுல மாட்டியிருக்கார்."

"பேரு?"

"தெரியாது."

"எந்தச் சண்டை?"

"தெரியாது."

"எல்லாத்துக்கும் தெரியாதுன்னா நான் ஊருக்கு என்ன சொல்றது மேடம்? சோழர்னு சொல்லிட்டேன். மில்லு வாசல்ல ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியாச்சு. நாளைக்கு வந்து, யாரோ ஒருத்தன் தண்ணில விழுந்து எழுந்தான், அதுக்கு நான் காசு போட்டேன்னு சொன்னா சிரிக்க மாட்டானுங்களா?"

அது நியாயமான கேள்வி. என் கையில் அந்த வெறும் தாள் இருந்தது. வசந்தா என்னைப் பார்க்கவில்லை, தளத்தில் நீர் கசிந்த கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறுபடியும் அந்த 'இருக்கலாம்' கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ, எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் கிரிவலம் போய்க்கொண்டிருந்தவர்கள் உள்ளே வர ஆரம்பித்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. பாதையில் எந்தக் கதவு திறந்திருந்தாலும் கோவில் என்று நினைத்து நுழைவார்கள். ஒரு குடும்பம் வந்தது. அம்மா, இடுப்பில் குழந்தை, பின்னால் தண்ணீர் பாட்டிலோடு கணவர். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே, சந்நிதியை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

"கப்பலு பாரு," என்று அந்த அம்மா குழந்தைக்குக் காட்டிக்கொண்டே போனாள். "ஊருக்குப் போறாரு. டாட்டா சொல்லு." பின்சுவருக்குப் போனதும் குரல் மட்டும் கேட்டது. "ஐயோ, சுடறானுங்க பாரு. கப்பல் ஒடஞ்சிடுச்சு." வடக்குப் பக்கம் வந்தார்கள். பலகைக்காரருக்கு எதிரே நின்றாள். கணவரும் நின்றார். "பாவம், விழுந்துட்டாரு," என்றாள். அப்புறம் நாலு எட்டு நடந்து கடைசி முனைக்கு வந்தாள். மொட்டைத் தலையையும், கும்பிட்ட கையையும், தீபத்தையும் பார்த்தாள்.

"பொழச்சிட்டாரும்மா," என்று குழந்தையிடம் சொன்னாள். "மொட்ட அடிச்சிக்கினு மலைக்கு வந்துட்டாரு பாரு."

குழந்தையின் கையைப் பிடித்து அந்த மனிதரைப் பார்த்துக் கும்பிட வைத்தாள். கணவர் கதவுப் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பாதைக்குப் போய்க் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

நான் தனசேகரைப் பார்த்தேன். அவர் அந்தக் குடும்பம் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருமே ஒண்ணும் சொல்லல அந்தம்மாவுக்கு," என்றார்.

"இல்லண்ணே."

"பேரு கேக்கல. எந்த ராஜான்னு கேக்கல."

வசந்தா மெதுவாகச் சொன்னார். "உங்க பேரு வேணா போட்டுக்கலாம் அண்ணே. மேல தளத்துல."

"மேல போட்டா காக்கா தான் படிக்கும்," என்றார் தனசேகர். ஆனால் சிரித்துவிட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

முருகையன் இரண்டு டின்களையும் தூக்கியபடியே நின்றிருந்தார். "அப்ப இத என்ன பண்றது?"

"மூடி ஒடைக்கல இல்ல? கடைல ரிட்டன் எடுத்துப்பான்," என்று தனசேகர் சொல்லிவிட்டு, அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். "ஓட்டை எந்தப் பக்கம் ஜாஸ்தி வசந்தா? ஏணி எங்க இருக்குது?"